நான் பாஸ் பண்ண வைத்த பரிசோதனை

அன்பு மகள் சரண்யாவுக்கு,

திங்கட்கிழமை சேத்தியாத்தோப்பு பஸ் ஏறுவதற்கு முன் நீ டிவி மேல் வைத்துவிட்டுப் போன சம்மதப் பாரத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று சொல்லவில்லை. நான்கு பக்கத்தையும் மூன்று முறை படித்துவிட்டேன். மந்தாரக்குப்பத்துக்குப் போய் ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ சிரிப்பாய். "சும்மா ஒரு சம்மதந்தாம்பா" என்று நீ சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா என்றால் எதற்கு நான்கு பக்கம்? எதற்கு ஆதார் நகல்? உன் தம்பி பிரவீனுக்குப் பதினேழு வயது நடக்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சமூக அறிவியலும் போய்விட்டன, மறுபடி எழுத வேண்டும். அவனுக்கு வாசிப்பதில் உள்ள சிரமத்தை முறைப்படி பரிசோதித்துச் சான்று வாங்கினால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கிடைக்கும் என்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் பாரம் வந்து சேராவிட்டால் இந்த வருடமும் போச்சு என்கிறாய். எல்லாம் புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு இந்த வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். எங்கள் பிளாக்கில் நான் சொல்லாத வீடு பாக்கி இல்லை. ஒரு ஒன்றியத்துப் பள்ளிகளில் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, முகாமுக்கு வரவழைத்து, முதல் பரிசோதனையை நடத்திக் கொடுப்பது உன் பொறுப்பு என்றாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் வந்த வீட்டுக்காரன் எப்படி யோசிப்பான் என்பதை உன் படிப்பில் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். அவன் முதலில் பிள்ளையைப் பற்றி யோசிக்கமாட்டான். இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் யோசிப்பான். நான் அந்த வீட்டுக்காரனாக இருந்தவன். பெர்மனென்ட் ஆவதற்கு முன் பதினோரு வருடம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தேன். ஏழாவது வருடம் ஒரு மேஸ்திரி வந்து, "எல்லாரும் ஒரு கையெழுத்து போடுங்கப்பா, புது கேட் பாஸ் வருது" என்றார். வரிசையில் நின்று போட்டேன். கேட் பாஸ் வந்தது. பிறகு ஒரு நாள் பெர்மனென்ட் ஆக்குவதற்காகப் பழைய ஆட்கள் யார் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தபோதுதான் தெரிந்தது, நான் அன்றைக்குத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தேன் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. ஏழு வருடம் ஒரு கையெழுத்தில் போயிற்று. அதற்குப் பிறகு நான் எந்தக் காகிதத்தையும் நம்பியதில்லை, சிரித்துக்கொண்டே நீட்டுகிறவர்களை இன்னும் கொஞ்சம் குறைவாக நம்பினேன்.

நீ ஒன்பதாவது, அவன் மூன்றாவது படித்த வருடம். அவன் பைக்குள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. சிறப்புக் கல்வி மதிப்பீட்டு முகாமுக்குத் தங்கள் மகனை அழைத்து வரவும் என்று நாலு வரி. மறுநாளே ஷிப்டு முடிந்த கையோடு அவன் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவர் ரொம்ப நல்லவிதமாகப் பேசினார். அதுவே எனக்கு உறுத்தியது. "ஒண்ணும் பயப்படாதீங்க சார், சும்மா பாக்கப் போறாங்க. தேவப்பட்டா அவனுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல்கூட பாத்துக்கலாம்" என்றார். அதில் என் காதில் விழுந்தது வேற ஸ்கூல் என்ற இரண்டே வார்த்தைகள்தான். அந்த வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் காகிதம் வந்திருந்தது. இன்னொரு பிள்ளையின் அப்பாவும் என்னைப்போல் கான்ட்ராக்டிலிருந்து வந்தவர். ஆபீசர் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அது தற்செயல் என்று நீ சொல்வாய். நான் இன்றைக்கும் நம்பவில்லை.

மைன்ஸில் எங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. என் வலது கண் அப்போதே மங்கல். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கரி ஓடும் கன்வேயர் பெல்ட் வேலையிலிருந்து தூக்கி வேறு எங்காவது போட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால் வரிசையில் நிற்கும்போதே, முன்னால் போனவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, கண் பரிசோதனை அட்டையின் கடைசி இரண்டு வரியையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் மட்டும் இல்லை, செக்‌ஷனில் பாதிப் பேர் அப்படித்தான். பரிசோதனை என்பதே ஆளைக் கழிப்பதற்கு, போவதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அதையே பிரவீனுக்கும் போட்டேன். எங்களோடு வேலை பார்த்த செல்வராசுவின் பெண் முந்தைய வருடம் இதே முகாமுக்குப் போய் வந்திருந்தாள். டீ குடிக்கும்போது அவனைப் பிடித்தேன். "அதே கேள்விதாம்ப்பா வருசா வருசம்" என்றான். "கலர் கட்டை குடுத்து அடுக்கச் சொல்வாங்க. நம்பர் சொல்லிட்டு பின்னாலேருந்து திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. அப்பறம் ரெண்டாங்கிளாஸ் தமிழ் புஸ்தகத்த வச்சிகினு ஏதாவது ஒரு பாடத்தப் படிக்கச் சொல்வாங்க." எந்தப் பாடம் என்று கேட்டேன். அது அவர்கள் கையில் இருக்கிறது என்றான். மொத்தம் எத்தனை பாடம் என்று கேட்டேன். செல்வராசு டீயை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பன்னிரண்டு பாடம். முகாமுக்கு ஐந்து வாரம் இருந்தது. இப்போது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். சாயங்காலம் ஆனால் நீ புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பாய், அவன் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வான். தம்பிக்கு வாசிப்பு வர வேண்டும் என்றுதான் உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். அது வாசிப்பே இல்லை, சரண்யா. பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்ததும் எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிக்கப் பழக்கினேன். வார்த்தைக்கு வார்த்தை விரலை எப்படி நகர்த்துவது, வரி முடிந்தால் எங்கே இறக்குவது என்பதுகூட நான் சொல்லிக் கொடுத்தது. முத்தாண்டிக்குப்பத்துக்காரி உங்கம்மாவுக்கு மட்டும்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, கொழந்தையப் போட்டு இப்புடி உருட்டிகினே இருக்கீங்களே. வரலன்னா வரலன்னு சொல்லிட்டு வூட்டுக்கு வர்றதுதான?" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அன்ஃபிட்டுன்னு ஒரு தடவ எழுதிட்டா யாரு அழிக்கிறது?" என்று அவள் வாயை அடைத்தேன். இதில் உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. படித்து முடித்து இந்த வேலைக்கு வந்த பிறகு நீயே இதைக் கண்டுபிடித்து உன்னை நொந்துகொள்வாயோ என்று பயந்துதான் முதலில் இதை எழுதுகிறேன்.

முகாம் மந்தாரக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்துப் போனேன். கலர் கட்டையை அவன் அடுக்கிய வேகத்தைப் பார்த்து முகாமுக்கு வந்திருந்த டாக்டரே, "புத்திசாலிப் பையனா இருக்கானே" என்றார். நம்பரைப் பின்னாலிருந்து கடகடவென்று சொன்னான். கடைசியாக சிறப்பாசிரியை. ஒல்லியான அம்மா, கண்ணாடி போட்டிருந்தார். புத்தகத்தைத் திறந்து வைத்ததும் பிரவீன் படத்தைப் பார்த்தான், தொடங்கினான், ஒரு இடத்திலும் தட்டவில்லை. விரலும் ஒழுங்காகப் போயிற்று. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த அம்மா வேறொரு பக்கத்தைப் புரட்டினார், உள்ளங்கையால் படத்தை மூடினார், நடுவில் ஒரு வரியைக் காட்டினார். "இத மட்டும் படி கண்ணு" என்றார். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எந்தப் பாடம் என்றே அவனுக்குத் தெரியாதே, எங்கிருந்து தொடங்குவான்? திரும்பி என்னைப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை அது. இதை நீ சொல்லித் தரவில்லையே அப்பா என்று கேட்கிற பார்வை. "கூச்சப்படுறாம்மா, நல்லாப் படிப்பான்" என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு நாள் தனியா கூட்டிட்டு வாங்க சார். ஒரு மணி நேரம் பாத்தா போதும்" என்றார்.

நான் போகவில்லை. அவர் வந்தார். மூன்று தடவை நம் குவார்ட்டர்ஸ் தேடி வந்தார். இரண்டாம் தடவை நான் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், உங்கம்மா வாசலில், "அவுங்க ஷிப்டுக்குப் போயிட்டாங்க" என்றாள். "சேஃப்டி ஷூ வெளிய கெடக்குதேம்மா" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்றாம் தடவை ஷூவை உள்ளே எடுத்து வைத்திருந்தும், பொறுக்காமல் நானே வெளியே வந்து சத்தம் போட்டேன். என் பிள்ளையை ஸ்கூலை விட்டு அனுப்பத்தானே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வேணாம்னா எழுதிக் குடுத்துருங்க சார், எழுத்துல இல்லாம நான் விட்டுட முடியாது" என்றார். எந்தக் காகிதத்தையும் பத்து தடவை படிக்கிற நான், அன்றைக்கு ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். என் மகனுக்கு எந்தக் குறையும் இல்லை, இனி எந்தப் பரிசோதனையும் வேண்டாம். கீழே கையெழுத்து. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "புத்திசாலிப் பையன் சார். அதனாலதான் இவ்ளோ தடவ வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள்ளும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

இதுவரை எழுதியது ஏமாற்று வேலை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். போகப் போக நான் சொல்லிக் கொடுத்த பொய்யை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். டாக்டரே புத்திசாலி என்றார். பன்னிரண்டு பாடத்தையும் பிசகாமல் சொன்னவன். அப்படியானால் வகுப்பில் ஏன் ஒரு வரி வாசிக்கவில்லை? திமிர். வேறென்ன? ஐந்தாவதில் ரேங்க் கார்டு வந்த அன்று பெல்ட்டை எடுத்தேன், நீ குறுக்கே வந்து மீதி அடியை வாங்கிக்கொண்டாய். ஏழாவதில் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். "மூள இருக்குடா ஒனக்கு, டாக்டரே சொல்லிட்டாரு. படிக்கணும்னு நெனப்புதான் இல்ல" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்பா, அதெல்லாம் நீ மனப்பாடம் பண்ண வச்சதுதானே என்று ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை. எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, சரண்யா. அவனை அடித்த கை வலிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை, வலித்தது என்று சொல்லவும் யோக்கியதை இல்லை.

முகாம் நடந்து இரண்டு வருடம் கழித்து மெடிக்கலில் கண் அட்டையை மாற்றிவிட்டார்கள். நான் பாட்டுக்குப் பழைய எழுத்துகளை ஒப்பித்தேன், அட்டையில் இருந்ததோ வெறும் எண்கள். சோதித்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். என்ன செய்தார்கள்? கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதே கன்வேயர், அதே இடம், கூடுதலாக எதிரே வருகிறவன் முகம் தெரிந்தது. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நீ படிப்பின் இரண்டாம் வருடத்தில் லீவுக்கு வந்து, தம்பியிடம் நீயே எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இவனுக்கு அறிவு இல்லாம இல்ல, எழுத்துதான் பிடிபடல. சின்ன வயசுல ஒரு முகாமுக்குப் போனீங்களே, அப்ப என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாய். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க என்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது. நீ அதை நம்பினாயா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். பிள்ளையின் பைக்குள் துண்டுக் காகிதம் அனுப்பாதே, அது புகார் மாதிரி வந்து சேர்கிறது. நீயே போ. சும்மா என்ற வார்த்தையைச் சொல்லாதே. இந்தக் காகிதம் என்ன செய்யும் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், என்ன செய்யாது என்பதை முதலில் சொல். பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பமாட்டார்கள் என்று சொல், அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல். உண்மையாக இல்லாவிட்டால் முதலில் உன் ஆபீஸில் போய்ச் சண்டை போடு. பட்டியலில் யார் வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக இருக்கிறார்கள் என்று நீயும் ஒரு தடவை சந்தேகத்தோடு பார், அந்த அப்பன்கள் கட்டாயம் பார்ப்பார்கள். பரிசோதிக்கும்போது அப்பனைப் பின்னால் உட்கார வைக்காதே, கதவுக்கு வெளியே நாற்காலி போடு, ஆனால் கதவைச் சாத்தாதே. தட்டாமல் தடுமாறாமல் படிக்கிற பிள்ளையிடம் படத்தை மூடிவிட்டு ஒரு வரி கேள். வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னால் வாசலில் கிடக்கிற ஷூவைப் பார், ஆனால் அதைச் சொல்லிக் காட்டாதே, அடுத்த தடவை அதையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவான். நான் வைத்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளையை அத்தோடு விட்டுவிடாதே. அடுத்த வருடமும் போய்க் கதவைத் தட்டு. அந்த அம்மா நான்காம் தடவை வந்திருந்தால் நான் சரி என்றிருப்பேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. அவர்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. பழி முழுக்க எனக்குத்தான்.

நேற்றுக் காலை பிரவீன் வாசலில் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். பாரத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா சொல்கிற பரிசோதனைக்குப் போகலாமா என்று கேட்டேன். அவன் செயினைப் பல்லில் ஏற்றினான். அன்னிக்கு முகாம்ல, என்று ஆரம்பித்தேன். "தெரியும்பா" என்றான். "நீ பயந்துகினு செஞ்ச. எனக்கு அப்பவே தெரியும்." செயினை விட்டுக் கையை எடுக்காமலே பேசினான். "நான் போறேன். ஆனா நீ வராத. அக்காவும் பாக்க வேணாம், வேற யாராவது பாக்கட்டும். என்ன கேப்பாங்கன்னு யாரும் வந்து சொல்லாதீங்க. எனக்கு இன்னா வருது, இன்னா வரலன்னு ஒரு தடவயாவது நானே பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னான். சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா வந்து என்னங்க என்றாள். ஒன்றும் இல்லை என்றேன், அழுதுகொண்டேதான் சொன்னேன்.

ஆகவே அவனைப் பார்க்கப் போகிறவர் நீயாக இருக்கக் கூடாது, உன் சிநேகிதி யாராகவும் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக் கொடுக்கமாட்டேன். பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. மாணவர் இதற்கு முன் மதிப்பீடு செய்யப்பட்டுள்ளாரா, ஆம் எனில் விவரம் தருக. இதுவரை இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? இப்போது எழுதிவிட்டேன். ஆம். மூன்றாம் வகுப்பில். அன்று அவன் வாசித்தது தகப்பன் மனப்பாடம் செய்ய வைத்தது. மேற்கொண்டு பார்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் தகப்பனே. இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள், ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாரத்தையும் இந்தக் கடிதத்தையும் பிரவீன்தான் நாளைக் காலை பஸ்ஸில் கொண்டு வருகிறான். நான் வரவில்லை.

உன் அப்பா